மூன்றாம் தூணில் ஊறிய எண்ணெய்

நான் சீயக்காய் விற்கிறவன். அந்தத் தூணைக் கழுவிய சீயக்காய் என் கடையிலிருந்துதான் போனது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கீழே பலர் மேல் கோபப்படப் போகிறேன். அந்த வரிசையில் எனக்கும் ஓர் இடம் உண்டு என்பது வாசிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தென்காசியில் எனக்கு நாட்டுமருந்துக் கடை. சுக்கு, கடுக்காய், அரப்பு, சீயக்காய், செக்கு எண்ணெய். கடைக்கு வெளியே எனக்கு இருக்கும் ஒரே வேலை நாட்குறிப்பு. ஒரு நாள் விடாமல் எழுதுகிறேன். தினமும் கடை திறக்குமுன், அதே நாளுக்குப் பழைய நோட்டுகளில் என்ன எழுதியிருக்கிறேன் என்று புரட்டிப் பார்ப்பது வழக்கம். சாரல் முதலில் விழுந்த நாள், அருவியில் குளிக்கத் தடை போட்ட நாள், தடை எடுத்த நாள், பஸ் வழி மாறிய நாள். யாருக்கும் பயன்படாத விவரங்கள் என்று அக்கா சொல்வாள். பெரும்பாலும் அவள் சொல்வது சரி. ஒரே ஒருமுறை பயன்பட்டது. அதுவும் நான்கு நாள் தாமதமாக. நோட்டில் மணி வரைக்கும் குறித்திருக்கிறேன்; இங்கே மாதமும் கிழமையும் போதும்.

குற்றாலம் போகிற சாலைகளில் ஒன்றில் சிற்றாற்றைக் கடக்கும் பழைய பாலம் அது. எது என்று எழுதப் போவதில்லை. நான்கு தூண்கள். முதல் இரண்டும் ஆற்றுக்குள் நிற்கின்றன. நான்காவது புதருக்குள். மூன்றாவது தூண் மட்டும் கரை மணலில், நாள் முழுவதும் நிழலில் நிற்கிறது. சீசன் மாதங்களில் அதன் அடியில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் பலகை போட்டு உட்காருவார்கள். பதினோரு பேர். அவர்களுக்கு மூத்தவர் என் அத்தான், அக்காவின் கணவர்.

இவர்கள் யாரும் கை துடைக்கத் துணி வைத்துக்கொள்வதில்லை. தூண் இருக்கிறது. ஒருவருக்குத் தேய்த்து முடித்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் தூணில் அழுத்தி இழுப்பார்கள். தேய்த்துக்கொண்டவர் எண்ணெய் ஊறட்டும் என்று அதே தூணில் முதுகைச் சாய்த்துக் கால்மணி நேரம் கண்மூடிக் கிடப்பார். பிறகு எழுந்து அருவிக்குப் போவார். இது போக, சாரல் தொடங்கும் நாளன்று, முதல் ஆளின் தலையில் கை வைக்குமுன், ஒவ்வொருவரும் ஒரு உள்ளங்கை எண்ணெயைத் தூணில் அறைவார்கள். "மொத கை தூணுக்கு" என்பார்கள். அதைச் சாமி என்று யாரும் சொன்னதில்லை. சாமி இல்லை என்று சொல்லவும் யாரும் துணிந்ததில்லை. தரையிலிருந்து ஆள் உயரம் வரை அந்தத் தூண் கோயில் கருங்கல் போலக் கறுத்து மின்னும். அது சாம்பல் நிறக் கான்கிரீட் என்பதையே ஊர் மறந்துவிட்டது.

பங்குனியில் பாலத்துப் பக்கம் அறிவிப்புப் பலகை நட்டார்கள். பழைய பாலத் தூண்களை நிலநடுக்கம் தாங்கும்படி வலுப்படுத்தும் பணி என்று எழுதியிருந்தது. டீக்கடையில் அன்று முழுவதும் சிரிப்பு.

"குத்தாலத்துல பூகம்பமாம்லே. அருவி திரும்பி மேல ஏறுமோ?"

"தூணுக்குச் சட்டை தைக்கப் போறானுவளாம். நேத்து அளவு எடுத்துட்டுப் போயிருக்கான். காலர் வைக்கானான்னு கேளு."

நான் சிரிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை அலமாரியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். லாரி போயிருக்கும் என்றார்கள். அந்த நேரத்தில் தெருவில் லாரி எதுவும் போகவில்லை. அதுவும் நோட்டில் இருக்கிறது.

வேலை தொடங்கியதும் தினமும் மதியம் கடையை அடைத்துவிட்டுப் பார்க்கப் போனேன். முதல் தூணின் மேல்பூச்சைக் கொத்தி எடுத்தபோது உள்ளே இருந்த கம்பி வெளியே தெரிந்தது. நெடுக்குக் கம்பிகளைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிற வளையங்கள் ஒன்றுக்கொன்று ஒரு சாணுக்கும் மேலே தள்ளி இருந்தன. வளையத்தின் முனைகளைச் சும்மா மடக்கி விட்டிருந்தார்கள். கம்பி கட்டுகிற மேஸ்திரி ஒருவர் விரலால் காட்டிச் சொன்னார்.

"பாரம் நேரா இறங்கும்போது இது போதும் அண்ணாச்சி. பக்கவாட்டுல ஆட்டுனா மேல்பூச்சு உதுந்துரும். உதுந்ததும் இந்த முனை வாயப் பொளந்துரும். அப்புறம் நெடுக்குக் கம்பி ஈர்க்குச்சி மாரி வளைஞ்சு வெளிய வந்துரும். மேல பஸ்ஸோட பாலம் உக்காந்துரும்."

அதனால் பழைய பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, துளை போட்டுக் கம்பி முளைகளைப் பசை வைத்து நட்டு, சுற்றிலும் நாலு விரலுக்கு ஒரு வளையமாகப் புதுக் கம்பிக்கூடு கட்டி, முனைகளை உள்நோக்கிக் கொக்கி போல மடக்கி, அதன் மேல் புதுக் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். பழையதும் புதியதும் ஒரே உடம்பாக ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிட்டால் அது வெறும் சட்டைதான். டீக்கடைக்காரர்கள் சொன்னது போலவே.

முதல் இரண்டு தூண்களையும் ஒழுங்காகச் செய்தார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஆற்றில் தண்ணீர் வருமுன் முடிக்க வேண்டிய தூண்கள் என்பதால் பயந்து செய்தார்கள். நான்காவதையும் செய்தார்கள். மூன்றாவதைக் கடைசிக்கு வைத்தார்கள். வைகாசி முதல் வாரம் அத்தானும் வேலை சூப்பர்வைசரும் பேசிக்கொண்டே என் கடைக்கு வந்தார்கள். சூப்பர்வைசர் வெளியூர்க்காரர், முப்பது வயதிருக்கும். சுக்குக் காப்பித்தூள் வாங்க வந்தார்.

"தம்பி, மூணாவது எப்பம் முடியும்?" என்றார் அத்தான்.

"எண்ணெய் பிடிச்ச தூண் அண்ணாச்சி. ஆழமாக் கொத்தணும். கொத்தி முடிக்கவே பத்து நாளாவும். அதுக்கப்புறம் கம்பி, பலகை, ஊத்துறது, காயுறது. ஆனி பாதி ஆயிரும்."

"ஆனி பாதியா? சாரல் என்ன ஒங்கிட்ட லீவு கேட்டுட்டா வரும்? நாங்க எங்கன போயி உக்காருதது?"

"எண்ணெய் மட்டும் இல்லன்னா மேலாக் கொத்தி முடிச்சிரலாம்."

அத்தான் சிரித்தார். "இவ்வளவுதானா? ஊர்ல உள்ளவன் தலையில இருந்து எண்ணெய எடுக்கது ஆருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாதா? மாப்ளே, சீயக்காய் ஒரு மூட்டை போடு. அரப்பும் கலந்து போடு."

நான் போட்டேன். எனக்கும் அது வேடிக்கையாக இருந்தது.

அந்தத் தூணில் மெஷின் வைத்து இடிப்பதும் அத்தானுக்குப் பிடிக்கவில்லை. வாயால் சொல்லவில்லை. "மொத கை வாங்குத தூண்லே, அத போட்டுச் சல்லடையா ஆக்கணுமா" என்று மட்டும் ஒருதரம் முனகினார். சீசனும் அந்த முனகலும் சேர்ந்துகொண்டன.

வைகாசி இரண்டாவது புதன்கிழமை பதினோரு பேரும் தூணைச் சுற்றி நின்றார்கள். இரண்டு அண்டாவில் வெந்நீர், வடித்த கஞ்சி, சீயக்காய், தேங்காய் நார். தூணுக்குத் தலைக்கு ஊற்றினார்கள். மூன்று தடவை தேய்த்துக் கழுவினார்கள். காலிலிருந்து கறுப்பு நுரை மணலில் ஓடியது. வெள்ளிக்கிழமை வெயிலில் தூண் சாம்பல் பூத்து வெளுத்திருந்தது. "எப்படிலே இருக்கு, கல்யாண மாப்பிள்ள மாரி" என்றார் அத்தான். இளநிலைப் பொறியாளர் ஒருவர் ஜீப்பிலிருந்து பாதி இறங்கிப் பார்த்துவிட்டு, "க்ளீனா இருக்கே" என்று தலையாட்டிவிட்டுப் போனார். உளியால் மேலாக நாலு கொத்து, பேருக்குச் சில முளைகள், அதற்கு மேல் கம்பிக்கூடு, பலகை. அடுத்த வியாழனன்று கான்கிரீட் ஊற்றினார்கள். நோட்டில் நான் என்ன எழுதினேன் என்பதை மறைக்கவில்லை: "மூன்றாம் தூணுக்கு எண்ணெய்க் குளியல். நல்ல தமாஷ்."

நான்கு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை, வழக்கம் போலப் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். பல வருடங்களுக்கு முன் அதே நாளில் என் கையெழுத்து: "கடைத் தரை மறுபடி பெயர்ந்தது. எண்ணெய் டின் வைத்த இடம் மட்டும். கொத்தனார் மீண்டும் வந்தார். சோடா போட்டுக் கழுவிய பிறகு பூசியதும் ஒட்டவில்லை. எண்ணெய் இறங்கிய சிமென்டை முழுக்க வெட்டி எடுத்தால்தான் பிடிக்கும் என்கிறார்."

வாசித்ததும் நோட்டிலிருந்து தரையைப் பார்த்தேன். அந்த இடத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். என் காலுக்கடியில் அந்தத் தரை. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி அடுக்கி வைத்திருக்கிற மனிதன், சீயக்காய் மூட்டையைத் தன் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

தராசிலிருந்து இரும்பு எடைக்கல் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாலத்துக்குப் போனேன். கான்கிரீட்டுக்கு அடைத்த பலகையைப் பிரித்திருந்தார்கள். சாக்கு சுற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் தூணை எடைக்கல்லால் தட்டினேன். டங் என்றது. இரண்டாவதும் டங். மூன்றாவதைத் தட்டினேன். பொத் என்றது. இடுப்புயரத்தில், தோளுயரத்தில், சுற்றிலும், பொத், பொத். ஆள் உயரத்துக்கு மேலே, எண்ணெய் எட்டாத இடத்தை ஏணி போட்டுத் தட்டினேன். டங்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "அண்ணாச்சி, பச்சைக் கான்கிரீட். நாள் ஆக ஆகச் சத்தம் சரியாயிரும்."

"மேல மட்டும் எப்படித் தம்பி இப்பவே சரியாயிருக்கு?"

அவர் மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இங்க எங்க அண்ணாச்சி பூகம்பம் வரப்போவுது? ஒங்களுக்கு வேற வேலை இல்லியா?"

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பூகம்பம் வராது என்று நினைக்கிறவன் பூகம்பத்துக்கான வேலையைச் செய்ய வந்திருக்கிறான். அவனுக்கு மேலே இருப்பவரும் அப்படித்தான் நினைக்கிறார். வராது என்ற நம்பிக்கையில் ஊற்றிய கான்கிரீட் அது. பழைய தூணாவது தான் பலவீனம் என்று கறுப்பாக நின்று காட்டிக்கொண்டிருந்தது. இந்தப் புதுத் தூண் வலுவானது போல நிற்கிறது. இனி ஒருவரும் அதை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். அதன் அடியில் இன்னும் இரண்டு வாரத்தில் பதினோரு பேர் பலகை போடுவார்கள். அதில் சாய்ந்து ஊர் பேர் தெரியாதவர்கள் கண்மூடிக் கிடப்பார்கள்.

இளநிலைப் பொறியாளரைப் பார்க்க மூன்று தடவை போனேன். இரண்டு தடவை ஆள் இல்லை. மூன்றாம் தடவை, "நீங்க இன்ஜினியரா?" என்று கேட்டார். நாட்டுமருந்துக் கடை என்றேன். "எனக்கு மூட்டு வலி இருக்கு, அதுக்கு எண்ணெய் சொல்லுங்க. தூண நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் மூட்டு இன்னும் வலிக்க வேண்டும் என்று அன்று நோட்டில் எழுதினேன். அந்த வரியைப் பிறகும் அடித்துவிடவில்லை.

மனு எழுதப் போவதாக அத்தான் வீட்டில் போய்ச் சொன்னேன். சொல்லாமல் எழுதுவது சரியில்லை என்று நினைத்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மனு போட்டா என்னாவும்?"

"தட்டிப் பாப்பாங்க. இடிப்பாங்க. திரும்பச் செய்வாங்க."

"சீசன்லயா?"

"ஆமா."

அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நாங்க பதினோரு பேரும் எங்கன போவோம், ஒன் கடையிலயா உக்காருவோம்? சீசன் முடியட்டும்லே. புரட்டாசில எழுது. ஒனக்கு வேணும்னா நானே கையெழுத்துப் போடுதேன்."

"பூகம்பம் சீசன் பாத்தா அத்தான் வரும்?"

"வராததுக்கு ஏம்லே சோத்துல மண்ணப் போடுத?"

"நீங்கதான அடியில உக்காருதிய? ஒங்க தலைக்கு மேலதான நிக்குது?"

"எத்தன வருசம் உக்காந்துட்டேன். என்னைக்காவது எம்மேல விழுந்துச்சா?"

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். "ஏலே, அவ்வொ வருசத்துல மூணு மாசந்தான் நாலு காசு பாக்காவொ. ஒன் நோட்டுல எங்க வீட்டு அடுப்பு எரிஞ்ச நாள எழுதியிருக்கியா? எரியாத நாள எழுதியிருக்கியா? எழுதியிருந்தா கொண்டா, வாசிக்கேன்."

எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தேன். கழுவிய நாள், ஊற்றிய நாள், தட்டிய இடங்கள், கேட்ட சத்தம், சீயக்காய் கொடுத்தவன் நான் என்பது, எல்லாம் எழுதியிருந்தேன். அன்று மாலையிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை.

சாரல் ஆனி முதல் வெள்ளிக்கிழமை இறங்கியது. அன்று பதினோரு பேரும் புதுத் தூணில் முதல் கை வைத்தார்கள். நான் எதிர்க்கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். எனக்குக் காட்டுவதற்காகவே அத்தான் சத்தம் கேட்க அறைந்தார். அடுத்த ஐந்து நாளும் அவர்கள் அங்கேதான் உட்கார்ந்தார்கள். அந்த ஐந்து நாளும் கடையில் நான் யாருக்கு எதை மடித்துக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அலமாரியில் பாட்டில் ஏதாவது சத்தம் போடுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

புதன்கிழமை ஓர் உதவிப் பொறியாளர் வந்தார். வேறு ஊரிலிருந்து அனுப்பியிருந்தார்கள். நாற்பது வயதுப் பெண், மழைக்கோட்டு, கையில் சின்னச் சுத்தியல். யாரோடும் பேசாமல் நான்கு தூண்களையும் தட்டினார். மூன்றாவதை இரண்டு தடவை. பிறகு சூப்பர்வைசரிடம், "இந்த எடத்துல ஒரு கதவு அளவுக்குப் பிரிங்க" என்றார்.

"மேடம், காம்பாக்ட்டா இருக்கு. சத்தம் மழைனால..."

"பிரிங்க."

மெஷின் வைத்துக் கதவளவுக்குச் சுற்றிலும் கான்கிரீட்டோடு வளையங்களை அறுத்தார்கள். அதன் பிறகு மெஷினே தேவைப்படவில்லை. கடப்பாரை முனையை இடுக்கில் கொடுத்து நெம்பியதும் புதுக் கான்கிரீட் ஒரு முழுப் பாளமாகக் கழன்று மணலில் சாய்ந்தது. அது ஒட்டியிருந்தால் பழைய தூணின் சதையையும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். ஒரு துணுக்குகூட வரவில்லை. பாளத்தின் உட்பக்கம் எண்ணெய் தடவிய வார்ப்பிலிருந்து எடுத்தது போல வழவழவென்று இருந்தது. பழைய தூணோ இந்த மூன்று வாரத்தில் மறுபடியும் உள்ளிருந்து எண்ணெய் கசிந்து கறுத்திருந்தது. அந்த அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து தூணின் மேல் தெளித்தார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது.

ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான். ஜீப்பிலிருந்து முழுதாக இறங்கி ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்க்க அந்த ஆளுக்கு மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அத்தான் பலகையிலிருந்து எழுந்து வந்தார். பாளத்தின் முன் குந்தி உட்பக்கத்தை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"நம்ம நல்லெண்ணெய்தான்" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு அந்த அம்மாவிடம், "எவ்வளவு ஆழம் போயிருக்கும்மா?" என்று கேட்டார்.

"கொத்துனாத்தான் தெரியும் ஐயா. எத்தன வருசமா வைக்கிறீங்க?"

அத்தான் என் பக்கம் திரும்பினார். மனு கொடுத்த பிறகு அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அவன்ட்ட கேளுங்க. அவன் எழுதி வச்சிருப்பான்."

மூன்று விரல் ஆழத்துக்கு எண்ணெய் இறங்கியிருந்தது. சில இடங்களில் பழைய வளையங்களையும் தாண்டி. பாலத்துக்கு இரும்பு முட்டுக் கொடுத்து, பஸ்ஸை வேறு வழியில் விட்டு, எண்ணெய் நின்ற இடம் வரை கொத்தினார்கள். சீசன் முழுவதும் பாலத்தடி அடைத்திருந்தது. பதினோரு பேரும் வண்டிகள் நிறுத்துமிடத்துக்கு அப்பால், பிளாஸ்டிக் விரிப்பைக் கயிற்றில் கட்டிக்கொண்டு, சாரல் பக்கவாட்டில் அடிக்க அடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பாதி நாள் ஆளே வரவில்லை. இரண்டு பேர் திருப்பூருக்குப் போனார்கள். யார் தவறுக்கு யார் நனைந்தார்கள் என்று நினைக்கும்போது இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். சூப்பர்வைசரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அந்த ஊரிலும் ஒரு பாலம் இருக்கிறது. ஜீப்பிலிருந்து பாதி இறங்கியவர் அதே மேசையில்தான் இருக்கிறார்.

புதுக் கான்கிரீட்டை ஆவணி மூன்றாவது வியாழன் ஊற்றினார்கள். தூணின் மேல்பக்கம் மஞ்சள் பெயின்டில் பணி முடிந்த தேதி எழுதியிருக்கிறது. அது வைகாசித் தேதி. முதல் தடவை எழுதியதை அழிக்கவே இல்லை. மாற்றச் சொல்லி இரண்டு மனு போட்டிருக்கிறேன். "தேதியில என்னய்யா இருக்கு" என்று ஒருவர் கேட்டார். எண்ணெய் ஊறிய தூண் மேல் போர்த்திய பொய்ச் சட்டையின் தேதி அது. எனக்கு அதில் எல்லாம் இருக்கிறது.

இந்த வருடம் சாரல் ஆனி இரண்டாவது செவ்வாய் இறங்கியது. ஒன்பது பேர் பாலத்தடிக்கு வந்தார்கள். கடையிலிருந்து பழைய வேட்டித் துணியை மடித்து ஒரு கட்டாக எடுத்துக்கொண்டு போனேன். அத்தான் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு தூணின் முன்னால் நின்றார். என்னைப் பார்த்தார்.

"இனி எண்ணெய் புதுசுக்கு வெளியதான இருக்கும். உள்ள போவாதுல்லா?"

"போவும். துணியில தொடைங்க."

"மொத கை மட்டும்லே."

"மொத கையிலதான் ஆரம்பிச்சுது."

எண்ணெய் விரலிடுக்கில் வழிந்து மணலில் சொட்டியது. பிறகு அத்தான் அதைத் தன் தலையிலேயே தேய்த்துக்கொண்டு, என் கையிலிருந்து துணியை வெடுக்கென்று பிடுங்கினார். துடைத்தார். பலகையைத் தூணுக்கு நெருக்கிப் போட்டு, ஒரு துண்டை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்தார்.

நான் எடைக்கல்லை எடுத்து அவர் தலைக்கு ஒரு சாண் மேலே தட்டினேன். டங். இடப்பக்கம் தட்டினேன். டங். வலப்பக்கம் போனேன்.

"போதும்லே" என்றார் அத்தான், கண்ணைத் திறக்காமல். "அக்கா சாயங்காலம் ஒன்ன வீட்டுக்கு வரச் சொன்னா. நோட்டு இல்லாம வா."